ஆறு வியாழன், நூற்றிருபது வெள்ளி

‘பினாங்கு வரலாறு: ஒரு சுருக்கம்.’
வயது வரம்பு இல்லை. தேர்வு இல்லை.
கட்டணம் நூற்றிருபது வெள்ளி,
கடைசி வாரம் தேநீரும் கரிபாப்பும் அதில் அடக்கம்.

பிறையில் லோரிகளுக்கு நேரம் குறிப்பது என் வேலை.
எந்த லோரி, யார் ஓட்டுநர், எத்தனை மணிக்கு வெளியே.
ஐந்து மணிக்குப் பேனாவை மூடிவிட்டு
ஓடிப்போய் ஃபெரியைப் பிடித்தால்
லெபோ குவீனில், கிளினிக்குக்கு மேல்மாடியில்,
ஏழுக்கு முன் ஒரு நாற்காலி.

முதல் வாரம் சுல்தானும் கம்பெனியும்.
இரண்டாம் வாரம் மிளகு, ஜாதிக்காய், அபின்.
மூன்றாம் வாரம் மழை. மின்சாரம் போய்
கைப்பேசி வெளிச்சத்தில்
நாற்பது நிமிடத்தில் ஜப்பான்காரன் வந்து போனான்.
‘எங்க வீட்டுல மூன்றரை வருஷம் இருந்தான்’
என்றார் ரோசம்மா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.
யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவரே சிரித்தார்.

ஆசிரியர் கவிநேசனுக்கு முப்பது இருக்கலாம்,
வகுப்பிலேயே இளையவர்.
பலகையில் எழுதக் கை தூக்கினால் சட்டை வெளியே வந்துவிடும்.
நாணயமாற்றுக் கடை அனிபா
அவர் சொல்லும் ஒவ்வோர் ஆண்டையும்
முந்தியதிலிருந்து கழித்துப் பார்த்து
மிச்சத்தைப் பைக்குள் போட்டுக்கொள்வதுபோல் தலையாட்டுவார்.

நான்காம் வாரம் முன்னுக்குப் பின்னாகப் போய்
ஒரு கப்பல் பட்டியல். மங்கிய நகல்.
ஆளுக்கு ஒரு வரி.
என்னுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
பெயரின் தலையில் மை கொட்டியிருந்தது,
வால் மட்டும் மிச்சம்: ‘னியம்மா’.
முனியம்மாவோ, சீனியம்மாவோ, பொன்னியம்மாவோ.
பெண். பத்தொன்பது.
தகப்பன் பெயர் தெளிவாக இருந்தது. தாலுகாவும்.
அங்க அடையாளம்: இடது முழங்கையின் உட்புறம் தீத்தழும்பு.

‘இவங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க.
கற்பனை வேணாம்.
தெரியாதுன்னு எழுதலாம், அதுவும் ஒரு வாக்கியந்தான்.’

ஒரு வாரம் முழுக்க
லோரி எண்களுக்கு இடையில் அவளை நிறுத்திப் பார்த்தேன்.
கப்பலில் வாந்தி எடுத்தாளா, தெரியாது.
தழும்பு அடுப்பு வைத்ததா, ஆள் வைத்ததா, தெரியாது.
கித்தா மரமா, கரும்பா, வெள்ளைக்காரி வீட்டுத் தொட்டிலா, தெரியாது.
திரும்பிப் போனாளா.
தன் பெயரை யாராவது எழுதுகிறார்கள் என்று
அவளுக்குத் தெரியுமா, தெரியாது.

எண்ணினால் பதினேழு தெரியாது.
ஒன்றே ஒன்று தெரிந்தது.
முழங்கையின் உட்புறத்தை எழுத வேண்டுமானால்
எவனோ ஒருவன்
அவள் கையைப் பிடித்துத் திருப்பியிருக்க வேண்டும்.

வாசித்து முடித்தேன்.
கவிநேசன் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
ரோசம்மா புடவைத் தலைப்பை
முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆறாம் வாரம் கரிபாப் ஆறிப்போயிருந்தது.
சான்றிதழில் அமிர்தகோரி என்று அடித்திருந்தார்கள்.
நான் அமிர்தகௌரி.
‘விடுங்கக்கா, செவத்துல மாட்டத்தானே’ என்றார் அனிபா.
பரவாயில்லை என்று சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன்.
திறந்த வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

அச்சு இயந்திரம் கீழே கிளினிக்கில்.
நர்ஸ் பூட்டிக்கொண்டு போய்விட்டாள்,
வீடு ஆயர் ஈத்தாமில்.
சாவி வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு ஃபெரி போயின.
கவிநேசனும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்து
மிச்சமிருந்த கரிபாப்பைத் தின்றார்.

மறுநாள் காலை
மூட்டை ஏற்றப் புதிதாய் வந்த நேப்பாளிப் பையன்
ஜன்னலுக்கு வெளியே நின்றான்.
மேற்பார்வையாளர் ‘பகதூர்னு போடுங்க, போதும்’ என்றார்.
‘பேரச் சொல்லுப்பா’ என்றேன் மலாயில்.
சொன்னான்.
‘மெதுவா.’
சொன்னான்.
பின்னால் லோரி ஹாரன் அடித்தது.
‘இன்னொரு தரம்’ என்றேன்.