பதினொரு ஓம்

கரிப்பட்டமுறிப்புக்கு எந்தப் பம்பி என்று கேட்டிருந்தார்கள்.
ஒரு வளைகோடு வரைந்து அனுப்பினேன்.
கிணற்று நீரிலிருந்து தாங்கியின் கழுத்துக்கு
முப்பத்தெட்டு மீற்றர்.
குழாயின் உராய்வுக்கு ஆறு.
கல்சியம் படிந்து குழாய் ஒடுங்கப்போகிற
பத்தாவது வருடத்துக்கு இன்னும் நாலு.
பத்தாவது வருடத்தைக் கணக்கில் சேர்க்க
இந்த ஊரில் எனக்கு இன்னும் கை கூசுகிறது.

கடிதம் திரும்பி வந்தது.
மோட்டரை மெல்ல எழுப்புகிற பெட்டிக்கான வரியில்
சிவப்புக் கோடு,
'தேவையில்லை',
யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.

அதே வளவின் மேற்கு மூலையில்
தொலைபேசிக் கொம்பனியின் கோபுரம்.
இரண்டுக்கும் ஒரே மின்மாற்றி,
இரண்டுக்கும் ஒப்பந்தக்காரன் நான்.
ஜெல் பற்றறியா லிதியமா என்று
மூன்று கிழமை படுக்கையில் புரண்டேன்.
விலைப்பட்டியல் சொன்னதெல்லாம் வேறு;
கடைசியில் தீர்த்துவைத்தது பாரம்.
முப்பத்திரண்டு கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு
பாலைக் காட்டுக்குள்ளால் ஒருவனும் இரவில் ஓடமாட்டான்.

இருபத்துநாலு கலம்.
லொறியில் நின்று சுகிர்தன் உரத்து எண்ணி இறக்கினான்.
தாண்டிக்குளத்தில்
ஒரேயொரு ரோச் பற்றறிக்காக
என் அப்பாவின் பையைத் தலைகீழாய்க் கொட்டினார்கள்.
பிறகு நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
மிதியைக் கையால் சுற்றிச் செய்தி கேட்டோம்;
சுற்றுகிறவன் களைத்தால்
வாசிப்பவருக்கும் குரல் அடைத்தது.
'பத்தொன்பது, இருபது' என்றான் சுகிர்தன்.
அவனுக்கு அது வெறும் எண்ணிக்கை.
நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான்
கையொப்பம் வைத்தேன்.

புவித்தொடுப்புக் குழி வெட்ட முதல்
கண்ணிவெடி அகற்றிய சான்றிதழைக் காட்டினார்கள்.
முத்திரை, திகதி எல்லாம் சரி.
என்றாலும் அலவாங்கை மெல்லத்தான் போட்டோம்.
செப்புக்கோல் மூன்றை இறக்கி
மீற்றரின் கைபிடியைச் சுற்ற
முப்பத்தொரு ஓம். ஆவணி மண்.
பத்துக்குக் கீழே வரவேணும்.
கரி கொட்டினோம், உப்புக் கொட்டினோம்,
பவுசர் தண்ணீரில் பாதியை அதற்கே ஊற்றினோம்.
பதினாறு. பிறகு பதினொன்று, அதோடு நின்றுவிட்டது.
'தடை இன்னும் குறையேல்லை!' என்று நான் கத்த
வேலிக்கு அப்பால் சைக்கிளில் போனவர்
காலை ஊன்றி நின்றார்.
'திரும்பவும் தடையோ தம்பி?
அப்ப எந்தப் பாதையாலை போறது?'

ஓட்டிப் பார்த்தது ஒரு மாலை ஐந்தரைக்கு.
ஒரே உறுமல். ஏழு மடங்கு மின்சாரம் இழுத்து
மோட்டர் எழும்ப
முள் நூற்றெழுபதுக்கு விழுந்து அங்கேயே கிடந்தது.
கோபுரத்தின் ஜெனரேற்றர் தன்பாட்டில் இருமத் தொடங்கிற்று.
கொழும்பிலிருந்து அழைப்பு: 'கரண்ட் இல்லையா அங்கே?'
'இருக்கு. தண்ணி ஏறுது.'
அடுத்த நாளும் அதே கேள்வி,
அதே பதில், மூன்று லீற்றர் டீசல்.

நான்காம் நாள்
பம்பிவீட்டுத் திறப்பை வைத்திருக்கும் நகுலாம்பிகை
(நாட்சம்பளம், சனி ஞாயிறும் வேலை)
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
வால்வை இறுக்கப் பூட்டினார். பிறகு ஆளியைத் தட்டினார்.
முள் குனிந்தது, உடனே நிமிர்ந்தது.
சில்லைக் கால்வாசி திருப்பி
மோட்டர் என்ன சொல்கிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்டு
இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.
தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் வந்தபோது
மேற்கு மூலையில் ஜெனரேற்றர் உறங்கிக்கொண்டிருந்தது.
'எங்கை பழகினீங்கள்?'
'நாலு நாளா அது கத்துறதைக் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறன்.'

ஒப்படைப்புப் படிவத்தில் நிரல்கள் உண்டு:
உற்பத்தி நாடு, தொடரிலக்கம், உத்தரவாதக் காலம்.
ஒரு மணிக்கட்டை எதில் எழுதுவது?
கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில்
நகுலாம்பிகைக்கு மாதச் சம்பளம் ஆக்கவும் என்று எழுதி
கீழே கோடிட்டேன், நீல மையால்.

அந்தக் கடதாசி இன்னும் திரும்பி வரவில்லை.