நாற்பத்தேழாவது ஒலிக்கோப்பு

ஸ்காபரோவில், லோரன்ஸும் மார்க்கம் வீதியும் வெட்டுகிற இடத்தில்
சலவைக்கடைக்காரர் எங்களுக்குத் தந்தது
காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை.
ஒன்பது ஒன்றுக்கு உங்கட லைற் எல்லாம்
பனிக்குள்ள கிடக்கும் என்றார்,
சிரிக்காமல்.

பட்டியலில் பதினொரு பேர். வந்தது எட்டு.
வராத மூவரில் ஒருவன் கதாநாயகன்.
பரீட்சையாம். நாலு ஐம்பதுக்குச் செய்தி.
துவாரகன் தரையில் குந்தியிருந்து
பிரதியை முழங்காலில் வைத்து வெட்டினான்.
அண்ணன் இனி ஒரு தொலைபேசி அழைப்பு.
மிதுஷா கதைப்பாள்,
மறுமுனையில் ஒருத்தரும் இல்லை.

நான் ஒலி.
மூன்று மீற்றர்க் கோல், நுனியில் மைக்.
இரண்டாவது டேக்கில் தோள் நடுங்கத் தொடங்கிற்று,
ஒன்பதாவதில் தோள் இருக்கிற நினைப்பே போய்விட்டது.
ஹெட்ஃபோனை மாட்டினால் அது வேறு அறை:
குழல்விளக்கு இரைகிறது,
சோடாப் பெட்டி தனக்குள் முனகுகிறது,
பட்டினியோடு வந்த அபிசனின் வயிறு
இரண்டுக்கும் பதில் சொல்கிறது.

"அண்ணா, அம்மாவின்ர உடுப்புகள
நான் என்ன செய்யிறது?"
எழுதின இரவு எங்களுக்குத் தொண்டை அடைத்த வரி.
பன்னிரண்டாம் தரம் கேட்கையில்
அது ஒரு வரி என்பது மட்டும் கேட்டது.

எட்டு இருபதுக்குக் கதவு திறந்தது.
ஆஸ்பத்திரிச் சீருடை, இரண்டு பை,
இரவு வேலை இன்னும் இறங்காத முகம்.
எத்தனை மணிக்கு முடிப்பீங்கள் என்றாள்.
ஒன்பது என்றோம்.
என்ர பஸ் ஒன்பது ஐந்து என்று சொல்லிக்கொண்டே
காசு போடத் தொடங்கினாள்.
ஒவ்வொரு குத்தியும் என் காதுக்குள் இடி.

மெஷின் சுழல, இனி வசனம் எடுக்க முடியாது.
துவாரகன் என்னைப் பார்த்தான், தலையாட்டினேன், இல்லை.
மிதுஷா என்ன செய்வதென்று தெரியாமல்
உலர்த்தியிலிருந்து போர்வையை இழுத்து
மடிக்கப் பார்த்தாள்.
பெரிய கட்டில் போர்வை, ஒருத்தி கைக்கு அடங்காது.
அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை,
மற்ற இரண்டு மூலையையும் பிடித்தாள்.
உதறினார்கள்.
நடந்து கிட்ட வந்தார்கள்.
மூலை கை மாறிற்று, திரும்பவும் பின்னால் போனார்கள்.
அபிசன் கமராவை நிறுத்தவில்லை.
நிறுத்து என்று அவனுக்கு யாரும் சொல்லவுமில்லை.

பிறகு படிவம் நீட்டினோம். பெயர், மாரிசெல்.
வேடம் என்ற இடத்தில் தானே எழுதினாள்:
உடுப்புத் தோய்க்க வந்தவள்.

எட்டு ஐம்பத்திரண்டு. அவளின் மெஷின் நின்றது.
ரூம் டோன் வேணும் என்றேன்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் ஒட்டுவதற்கு
அறையின் வெறுஞ்சத்தம், ஒரு நிமிடம்.
ஒருத்தரும் அசையக்கூடாது.
மாரிசெலுக்கு விளங்கவில்லை, என்றாலும் நின்றாள்,
ஈரப் பை கையில் தொங்க.
கடைக்காரர் சாவிக்கொத்தைப் பொத்திப் பிடித்தார்.
பத்துப் பேர்
போனைத் தொடாமல், சவர்க்கார மணத்துக்குள்,
எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றோம்.

ஜூனில் படம் காட்டினோம்.
பார்த்தது பதினாலு பேர், அதில் ஆறு பேர் நாங்கள்.
எடிட்டிங்கில் வசனமெல்லாம் போய்விட்டது.
போர்வை மட்டும் மிஞ்சியது, அந்த மெஷின் இரைச்சலோடு.
ரூம் டோன் ஒட்ட இடமே வரவில்லை.

துவாரகன் இப்போது கல்கரியில் காப்புறுதி விற்கிறான்.
மற்றவை எல்லாம் அழித்தேன்,
நாற்பத்தேழாவது கோப்பைத் தவிர.
நித்திரை வராத நேரம் போட்டுக் கேட்பேன்.
பன்னிரண்டாவது வினாடியில் பையிலிருந்து ஒரு சொட்டு விழும்.
முப்பத்தொன்றில் அபிசனின் வயிறு.
உடனே ஒரு மூச்சு மூக்கால் உடையும்,
யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம்.
யாரென்று பிடிபடவில்லை.
மிதுஷாவைக் கேட்டேன், தான் இல்லையாம்.

ஐம்பத்தெட்டில் என் குரல், அவசரமாய்,
இன்னும் இரண்டு வினாடி கிடக்க:
காணும்.