மூன்றாவது மாதிரி

முதலாவது தும்மியது.
சோபாவில் சாம்பல், திரைச்சீலையில் சாம்பல்,
சுகிர்தாவின் புருவத்திலும்.

இரண்டாவதற்கு பிளாஸ்டிக் வாளி.
நீறு பூத்த நெருப்புக்குப்
பொருள் எழுதி முழுப்புள்ளி வாங்கியவன்தான் நான்.
இரவு மூன்று மணிக்கு
வாளிக்கு அடி இல்லை.

சட்பரியில் மைனஸ் முப்பத்தொன்று.
கராஜில் கையுறையோடு தகரம் வெட்டுகிறேன்.
நல்லெண்ணெய் டின், பழைய அலமாரிக் கீல்,
மாவுச் சல்லடை,
கேட்காமல் எடுத்தது.

அள்ளி நிமிர்த்தினால்
மூடி தானாய் விழவேண்டும்.
விழுகிறது,
இடப்பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு.
கரித்துண்டு மேலே நிற்க
சாம்பல் கீழே இறங்குகிறது, சத்தமில்லாமல்.

அதைப் படிக்கட்டுப் பனியில் தூவிவைத்தேன்.
சுகிர்தா வழுக்காமல் இறங்கிப்போனாள்,
கார்க்கதவைத் திறந்தவள்
திரும்பிக் கேட்டாள்:
"சல்லடை எங்கே?"