களியக்காவிளை, பதினோராம் எண் அறை

பரோட்டாக் கடை பில்லின் பின்பக்கம்
முனிரத்தினம் எழுதுகிறார்:
ஒன்று, கோவளம்.
எந்தக் கோவளம், மூணு இருக்கே என்கிறாள் செம்பருதி.
கேரளாக் கோவளம் என்று திருத்துகிறார்.
இரண்டு, பூவாறு. படகுக்குத் தனிக் காசு.
மூன்று, முட்டம். பாறை.
சூரியன் விழ நல்ல இடம் என்று ஆபீசில் யாரோ சொன்னது.
நான்கு, தேங்காய்ப்பட்டணம்.
அது பேருக்காகச் சேர்த்தது.

இரண்டு நாளில் நான்கு கடல்.
எல்லாம் ஒரே கடல்தானே என்று
நான் சொல்லவில்லை.
எனக்கு எப்படித் தெரியும்?

மேசையில் பதிமுகத் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஆறுகிறது.
போன் கேரளாவுக்கு வரவேற்கிறது.
சன்னல் பக்கம் நகர்ந்தால் தமிழ்நாட்டுக்கு.
கட்டிலில் புரண்டு படுத்தால்
மறுபடியும் கேரளா.

முப்பத்தொன்பது வயது. தருமபுரி.
கல்லூரிச் சுற்றுலாவில் கன்னியாகுமரி வந்தது உண்மை.
எல்லாரும் இறங்கினார்கள்.
எனக்கு அன்றைக்கென்று முன்கூட்டியே வந்துவிட்டது.
துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு
கடைசி இருக்கையில்,
இழுத்துவிட்ட திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.
சத்தம் மட்டும் கேட்டது,
அதுவும் பாதி டிரைவரின் ரேடியோ.
பரிமளா கொடுத்த சிப்பியை
நான் பொறுக்கியதாக வீட்டில் காட்டினேன்.
அப்படியே பழகிவிட்டது.
பெண் பார்க்க வந்தவரிடம்
கடல் பிடிக்கும் என்றேன்.
செம்பருதிக்குச் சோறூட்ட
எத்தனை அலை விட்டிருக்கிறேன்:
முழங்கால் உயரம், இடுப்பு உயரம்,
ரசம் சாதம் தீராத அன்று
புளியமரத்து உயரம்.

நீ சொல்லேன், நீதான் பார்த்தவள் என்கிறார்.
முதல்தடவை பார்க்கும் முகம்
எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியாது.
காலையில் கூட்டமில்லாதது என்றேன்.
பூவாறைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஏழு மணிக்குத் தார்சியூஸின் ஆட்டோ.
கொல்லங்கோடு தாண்டிக் குழாய்க்காகச்
சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள்.
இந்தால போவலாம் கேட்டியளா என்று
ஒரு சந்துக்குள் திருப்பினார்.
ஐஸ் லாரி. ஒரு குருசடி. கோழிகள்.
வீட்டுல சாவி குடுக்கணும், ரெண்டு நிமிசம்
என்று நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

இறங்கி நின்றேன், கால் மரத்திருந்தது.
இரண்டு சுவருக்கு நடுவே கொடிக்கயிறு,
கயிற்றில் ஒரு பையனின் அரைக்கால் சட்டை,
அதற்குப் பின்னால் இன்னொரு சுவர்
என்றுதான் நினைத்தேன்.
நீலம்கூட இல்லை.
விளக்காத அலுமினியச் சட்டியின் நிறம்.
கடல் கீழே கிடக்கும், குனிந்து பார்க்க வேண்டும்
என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.
அது கண்ணுக்கு நேராக, உயரத்தில்,
வீட்டு ஓடுகளுக்குச் சமமாக
நின்றுகொண்டிருந்தது.

மணல் இல்லை. லாரி லாரியாய்க் கொட்டிய பாறாங்கல்.
கல்லில் அறைந்து எழும்பிய தூறல்
சட்டையை நனைத்து
என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

இதான் பீச்சாம்மா?
இல்லம்மா, இது சும்மா.
பீச் இன்னும் அஞ்சு கிலோமீட்டர் என்றார்
வரைபடத்திலிருந்து தலை தூக்காமல்.

இந்த இடத்துக்குப் பேர் என்னங்க?
பேரா? என்று தார்சியூஸ் என்னைப் பார்த்தார்.
இது எங்க வீட்டுப் பெறவாசலு.

பூவாறில் எழுபத்திரண்டு படம் எடுத்தார்.
கண்ணாடியைத் துடை,
புள்ளி புள்ளியா வெள்ளையா விழுது என்றார்.
உப்பு அதற்குள் காய்ந்திருந்தது.
வெயில் கூசுகிறது என்று சொல்லிக்
கழற்றிக் கூட்டில் வைத்து மூடினேன்.

கண்ணாடி இல்லாமல் எனக்கு
எதிரே வரும் பேருந்தின் எண்கூடத் தெரியாது.
பூவாறு எப்படி இருந்தது என்று கேட்பார்கள்.
மணல் நிறைய என்று சொல்லிக்கொள்ளலாம்.