எட்டுப் பேர், 544 கிலோ

லிப்டுக்குள் இருக்கும் அந்தத் தகட்டை
ஒருவரும் படிப்பதில்லை.
இருபத்தாறு வருடமாக நான்தான் திருகு முடுக்கி மாட்டுகிறேன்.
ஆளுக்கு அறுபத்தெட்டு என்று கணக்கு.
யார் அந்த அறுபத்தெட்டு கிலோ ஆசாமி,
இதுவரை சந்தித்ததில்லை.
நான் தொண்ணூற்று மூன்று.

ஜக்கூர் விமானத் திடலில்
முதல் நாளே தராசில் ஏறச் சொன்னாள் தேச்சம்மா.
குடகுக்காரி, வயது இருபத்தெட்டு, ஐம்பத்து நாலு கிலோ.
இரண்டு இருக்கை, துணி இறக்கை,
ஸ்கூட்டருக்கு அண்ணன் மாதிரி ஓர் இஞ்சின்,
எல்லாம் சேர்ந்து நானூற்றைம்பதைத் தாண்டக் கூடாது.
பென்சிலால் கூட்டினாள். உதட்டைக் கடித்தாள்.
பெட்ரோலில் பத்து லிட்டர் குறைத்துக்கொள்ளலாம் சார், என்றாள்
கன்னடத்தில், மரியாதையாக.
என் தொப்பைக்காக ஆகாயத்தில்
முக்கால் மணி நேரம் கழிந்தது.

ஏலச் சீட்டு எடுத்த பணம்.
எலஹங்கா பக்கம் சர்வீஸ் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.
முழுப் பொய் இல்லை.

பதினெட்டு மணி நேரம்
தோளோடு தோள் உரசிப் பறந்தோம்.
அன்று காலை ஆறரை,
ஹெப்பாள் மேம்பாலம் இன்னும் அடைக்கவில்லை.
மூன்று முறை ஏறி இறங்கியதும்
ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.
இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
கதவைத் திறந்து இறங்கினாள்.
பிறகு குனிந்து
ஆளில்லாத இருக்கைக்கு பெல்ட் போட்டாள்,
இறுக்கினாள், இழுத்துப் பார்த்தாள்.
அங்கே யாருமில்லை என்பது நழுவி வந்து
கைப்பிடியில் சிக்கிக்கொள்ளக் கூடாதாம்.

லிப்டில் ஓவர்லோடு மணி அலறினால்
கடைசியாக ஏறியவரைப் பார்ப்பார்கள்.
கடைசியாக ஏறாவிட்டாலும்
என்னைப் பார்ப்பார்கள்.
சிரித்தபடி இறங்கிப் படியில் போயிருக்கிறேன்
ஐந்து மாடி, கருவிப் பையோடு,
நானே பழுது பார்த்த லிப்டிலிருந்து.

எனக்காக ஒருவர் இறங்கியது
இதுதான் முதல்.

புல்லில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

இன்னொன்றும் யாருக்கும் தெரியாது.
கயிறு அறுந்து விழுவதைத்தான் கனவில் காண்கிறார்கள்.
பிரேக் விட்டுப்போன காலி லிப்ட்
கீழே வராது.
எதிர் எடை அதைவிடக் கனம்.
அது மேலே போகும்,
வேகமெடுத்து, கூரையில் மண்டை இடிக்கும்வரை.

பாதி ஓடுதளம்கூடத் தீரவில்லை,
தரை கையை விட்டுவிட்டது.
வழக்கமாக ஐந்நூறு அடி காட்டும் இடத்தில்
எண்ணூறு காட்டியது முள்.
இடிக்க
மேலே ஒன்றும் இல்லை.

கீழே ஏரி, அதன் ஓரத்தில் பாசி.
சஹகார நகரின் மொட்டை மாடிகள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் லிப்ட் மோட்டார் அறை,
பூட்டுப் போட்ட தீப்பெட்டி.
பதினொன்றின் சாவி என் பையில் இருக்கிறது.
அவ்வளவு உயரம் என்று நினைத்திருந்த இடங்கள்.

பம்ப் ஆன், ஃபிளாப் ஒரு பல், என்று
பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிச் சொன்னேன்.
பெல்ட் கேட்டுக்கொண்டது.

இறங்கும்போதும் அடம்.
மூன்றடி உயரத்தில் மிதந்துகொண்டே போனது
உட்கார மனமில்லாத விருந்தாளிபோல.
ஒரு குதி, ஒரு அரைக் குதி.
தேச்சம்மா பனி நனைந்த ஷூவோடு ஓடி வந்தாள்.
வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள்,
இங்கே அதுதான் வழக்கமாம்.

ஈரச் சட்டையோடு வீட்டுக்குப் போனேன்.
லிப்ட் குழியிலே மறுபடியும் தண்ணியா, என்றாள் செலின்,
துண்டை நீட்டிக்கொண்டு.
ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

செலின், உன் எடை எவ்வளவு?