விபத்து நடந்த தேதி

ஃபஹாஹீல், மீன் சந்தைக்குப் பின்தெரு, முதல் மாடி.
ஒரு தாளுக்கு எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
வலமிருந்து இடம் போகும் மொழியில்
அடுத்தவர் குறைகளைத் தட்டச்சு செய்து
பதினாறு வருஷமாக வாடகை கட்டுகிறேன்.

சிலுவைப்பிச்சை வந்து உட்கார்ந்தார்.
உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம்
வந்துகொண்டே இருந்தார்.
மூச்சு இன்னும் கீழ்ப்படியில் நின்றது.

பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
கடலோர ஜன்னலில் உப்பு பூத்த மாதிரி
விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளை.
"டாக்டர் ஒரு பேர் சொன்னாரு. வாயில நுழையல.
நீ அரபில அடி தம்பி, அதுல நுழையும்."

பெயர் அடித்தேன். பத்தாக்கா எண்.
இப்போதைய வேலை: நாத்தூர், எட்டு மாடிக் கட்டடம்.
அப்போதைய வேலை: லாகர்.
மின்நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குப்
போர்வை சுற்றுகிறவர்.
பழைய போர்வையைக் கையால் பிய்த்து எறிகிறவரும் அவரே.
அதற்குத் தனிக் கூலி கிடையாது.

"அந்தச் சாமானுக்குத் தமிழில் என்ன பேரு?"
கல்நார் என்றேன்.
சிரித்தார். பாதியில் அது இருமலாகி
மேசையில் இருந்த ரசீதுகளெல்லாம் நகர்ந்தன.
"கல்லுல நாருரிப்பான்னு என் மாமனார்
ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு, கஞ்சன்னு.
ஆறு வருஷம் அதைத்தானே உரிச்சேன்."

அடுத்த கட்டம்: விபத்து நடந்த தேதி.

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.
"எண்பத்திநாலு மார்ச்சுலேர்ந்து
தொண்ணூறு ஆகஸ்ட் வரைக்கும்.
டாங்கி வந்துச்சு, வேலை நின்னுச்சு.
வெள்ளிக்கிழமை லீவு. அதைக் கழிச்சிரு."

கட்டத்தில் எட்டு எண்களுக்குத்தான் இடம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

தாவிக் குதித்துக் கம்பெனிக்குப் போனேன்.
கம்பெனி மூன்று முறை பேர் மாற்றியிருந்தது.
பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு எழுத்து மாறியதற்கு
இவரை ஆறு மாசம் அலையவிட்ட அதே ஊரில்.
மந்தூப்பைக் கேட்டால் புக்ரா.
பழைய ஃபைலைக் கேட்டால் மாஃபி.

சாட்சி?
மேல்கட்டில் சோமநாதப் பணிக்கர் போன வருஷம் கொல்லத்தில்.
எதிர்க்கட்டில் இதாயத்துல்லா,
பெஷாவரில் போன் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.

வாசலில் நின்றவரை அப்போதுதான் கவனித்தேன்.
தௌலத் மியா, சில்ஹெட்காரர்.
கேம்ப்பில் உருப்படிக்கு இருபத்தைந்து ஃபில்ஸ் வாங்கி
பாய்லர் சூட் துவைத்தவர்.
நனைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் உதறுவாராம்,
மாவு மில் மாதிரி இருக்குமாம்.
மின்நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.
சாட்சியா என்று கேட்டேன்.
அவர் பையிலும் ஒரு எக்ஸ்ரே.

அவருக்கும் ஒரு தாள் அடித்தேன்.
முதலாளி என்ற இடத்தில் ஒரு கோடு.
"திரும்பி வந்துவிடும்" என்றேன்.
"வரட்டும். அதாவது போய்விட்டு வந்தது."
காசு வேண்டாம் என்றதற்குச் சிலுவைப்பிச்சை கோபப்பட்டார்:
"வாங்கலைன்னா அது மனு இல்ல, பிச்சை.
அது என் பேரோட நிக்கட்டும்."

தேதி மட்டும் காலியாக மினுக்கியது.

"ஒரு நாள்" என்று மியாதான் ஆரம்பித்தார்,
"வெளியூர் இன்ஸ்பெக்டர் வந்தாரே."
ஆமாம், என்றார் இவர். மூக்கிலிருந்து மோவாய்வரை
ரப்பர் மூடி போட்டுக்கொண்டு வந்து
எங்களுக்கு நடுவே நடந்து
குழாயைத் தொடாமல் பார்த்து
சலாம் சொல்லிவிட்டுப் போனார்.
எங்களுக்கு ஒரு கைக்குட்டை கிடையாது.
மூடி வேடிக்கையாக இருந்தது, அன்று ராத்திரி
பணிக்கர் அதே மாதிரி நடந்து காட்டினார்.
"அன்னைக்குத்தான் எனக்கு மக பொறந்த தந்தி வந்துச்சு.
நவம்பர் பதினொண்ணு, எண்பத்தாறு."

எட்டு எண்கள். சரியாக உட்கார்ந்தன.
இரண்டு தாளிலும் அதே தேதி.
அடுத்த பக்கம் திறந்தது.

பிரிண்டர் சூடாகும்வரை
மியா கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தார்.
பதினாலு படிதான்.
டீ ஆறிப்போயிருந்தது.