மழை வந்தால்

வியாழன். கடைசி மணி அடித்தாயிற்று.
கணினி அறையில் ஏசி மட்டும் பாடம் நடத்துகிறது.
மூன்று மென்பொருள்கள், நான்கு ஆசிரியர்கள்,
பத்துக் கட்டம் போட்ட ஒரு படிவம்.
ஞாயிறு காலைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவதில் ஒரு கிளி பேசுகிறது.
பழத்தை அது 'பளம்' என்றதும்
பிரிசில்லா டீச்சர் பேனாவை மூடிவிட்டார்.
இரண்டாவது பார்க்க அழகு,
இன்டர்நெட் போனால் அதுவும் போய்விடும்.
எப்போது இருந்தது, போவதற்கு, என்கிறார் நவ்ஷாத் சார்.

மூன்றாவதை விற்க வந்தவர்
விடியலில் துபாயில் கிளம்பி
ஹத்தா எல்லையில் இரண்டு மணி நேரம் நின்று
சட்டை கசங்காமல் சோஹார் சேர்ந்திருக்கிறார்.
ஒரு பிள்ளைக்கு வருடம் மூன்று ரியால்.
இருநூறு பிள்ளைகள் என்றால் இரண்டரை.

பஸ் வராமல் வராந்தாவில் நின்ற
மூன்றாம் வகுப்பு அஃப்ராவைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

திரையில் கேள்வி:
மழை வந்தால் என்ன செய்வாய்?
குடை பிடிப்பேன்.
கப்பல் விடுவேன்.
வீட்டிலேயே இருப்பேன்.

அவள் யோசிக்கவே இல்லை, மூன்றாவதை அழுத்தினாள்.
டொய்ங்.
சிவப்பு முகம் ஒன்று உதட்டைப் பிதுக்கியது.

வாதி என்றால் ஊரில் வழக்குப் போட்டவர்.
இங்கே, வருடமெல்லாம் கல்லாய்க் கிடந்து
ஒரே மதியத்தில் லாரியைப் புரட்டும் ஆறு.
மேகம் கறுத்தாலே மஸ்கட்டிலிருந்து செய்தி வரும்:
பள்ளிகளுக்கு விடுமுறை, யாரும் வெளியே போக வேண்டாம்.
இவளாவது குடை பிடிப்பதாவது.

"அடுத்த அப்டேட்டில் மாற்றிவிடலாம், மேடம்."
சிரித்துக்கொண்டே
'உள்ளூர்ப் பொருத்தம்' கட்டத்தில் இரண்டு போட்டேன்.
பத்துக்கு இரண்டு.
நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

படிவத்தை வைக்க அலமாரியைத் திறந்தால்
போன வருட விடைத்தாள் கட்டு.
அதே கேள்வி. நான் எழுதியது.
வாதி வரும் மிஸ், லீவு மிஸ், அம்மா விடமாட்டாங்க மிஸ்,
பதினோரு பேர்.
பதினொன்றிலும் என் பெருக்கல் குறி,
அழுத்திப் போட்டதில் தாளின் பின்பக்கம்வரை தெரிந்தது.
ஒன்றில் மட்டும் கூடுதலாக:
கேள்வியை ஒழுங்காகப் படி.

வாசலில் பஸ் ஹாரன்.
பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அஃப்ரா
படிக்கட்டில் நின்று திரும்பினாள்.

மிஸ், அது ஏன் தப்பு மிஸ்?

விற்க வந்தவர் என்னைப் பார்த்தார்.
நான் கையிலிருந்த கட்டைப் பார்த்தேன்.